சட்டமும் வாழ்வும்: ஆபீசில் தங்கிய அழைப்பாணை



ஹட்டனுக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இன்று வேறோர் ஊரில் ஆசிரியையாகப் பணிபுரியும் வாசகி ஒருவரின் கடிதம் அண்மையில் என் கைக்கு எட்டியது. தம் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வெளியிடவேண்டாமென அவர் கேட்டிருக்கிறார். வெளியிடவேண்டிய அவசியமும் இல்லை. அக்கடிதத்திற் கண்ட துன்பம் ஒரு தோட்டத்திற்கு மட்டும் உரியதன்று. நுவரெலியாவிலிருந்து மஸ்கெலியா வரையில் எந்த லயத்திலும் அது நேரக்கூடும்.

அவருடைய தந்தையார் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி. அயல்வீட்டு இளைஞன் ஒருவன் முச்சக்கர வண்டி வாங்கக் கடன் எடுத்தபோது, ‘நம் கண்முன் வளர்ந்த பிள்ளைதானே’ என்று எண்ணிப் பிணை நின்று கையொப்பமிட்டார். அவ்விளைஞன் கடனைக் கட்டாமல் ஊரைவிட்டுப் போய்விட்டான். வழக்கு, பிணை நின்றவர்மேல் வந்தது.

முதலில் ஒரு பதிவுத் தபால் வந்தது. தோட்டத்து ஆபீசில் எவரோ கையொப்பமிட்டு வாங்கி, அலுமாரியின்மேல் வைத்தார். உரியவர் கைக்கு அது வரவில்லை. சில வாரங்கள் கழித்து நீதிமன்ற அலுவலர் ஒருவர் வந்தார். அனைவரும் மலைக்குப் போயிருந்த நேரம் அது. ஆபீசில் காட்டிய திசையிற் சென்று, ஒரு கதவில் காகிதத்தை ஒட்டிவிட்டுத் திரும்பினார். அதுவோ அத்தந்தையார் பல ஆண்டுகளுக்கு முன் குடியிருந்த பழைய லயத்தின் கதவு! மூன்றாவது காகிதம் மட்டும் அவர் கையிலேயே கொடுக்கப்பட்டது. அதற்குள் வழக்கு முடிந்து, அவருக்கு எதிராகத் தீர்ப்பும் ஆகிவிட்டது. சிங்களத்தில் இருந்த அக்காகிதத்தை வாசிக்க அறியாத முதியவர், அதனைச் சுவாமி படத்தின் பின்னே செருகி வைத்தார். விடுமுறைக்கு வந்த மகள் கண்டெடுத்தபோது ஐந்து நாள்கள் கழிந்திருந்தன.

“ஆபீசில் வாங்கியது அப்பா வாங்கியது ஆகுமா? வேறு கதவில் ஒட்டியது செல்லுமா? இனி ஏதாவது செய்ய முடியுமா, அல்லது எல்லாம் முடிந்ததா?” என்று அச்சகோதரி கேட்கிறார்.

இவ்விதழ் அச்சேறும்வரை காத்திருந்தால் காலம் தப்பிவிடும். தபாலிற் பதில் எழுதினால், அதுவும் அதே ஆபீசின் அலுமாரிமேல் தங்கக்கூடும். ஆதலின், கடிதத்தில் அவர் குறித்திருந்த தொலைபேசி எண்ணுக்கு அன்றே பேசி, தந்தையாரை அழைத்துக்கொண்டு மறுநாளே சட்டத்தரணி ஒருவரிடம் போகும்படி சொன்னேன். அவருக்குச் சொன்னதையே இங்கு விரித்துச் சொல்லுகிறேன். மற்றையோருக்கும் அது பயன்படும்.

காகிதமும் நம் அச்சமும்

தோட்டத்து மக்கள் காகிதத்துக்கு அஞ்சுவது வியப்பன்று. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழ், முன்னறிவித்தல் இன்றித் தோட்டத்தைவிட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையில் அடைக்க முடிந்தது. கடனைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக்கொடுத்த ‘துண்டு’ ஒன்றின் பேரில், ஒரு குடும்பத்தின் கடன் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாறிற்று. அம்முறை 1921 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. பின்னர் வந்த தலைமுறைக்குப் ‘பற்றுச்சீட்டு’ என்ற சொல்லே வயிற்றைக் கலக்கியது. மூன்று தலைமுறையாகக் காகிதம் என்றாலே கேடு என்று கண்டவர்கள், இன்று ஒரு காகிதம் வந்தால் அதைத் தொடாமலிருப்பதே பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அந்நினைப்பே இன்று அவர்களுக்குப் பெருங் கேடாய் முடிகிறது.

நீதிமன்றம் ஒருவருக்கு அழைப்பாணை அனுப்புவது அவரை அச்சுறுத்துவதற்காக அன்று. ‘உன்மேல் இன்னார் இன்ன வழக்கிட்டிருக்கிறார், உன் பக்கத்து நியாயத்தை இன்ன நாளில் வந்து சொல்’ என்று அறிவிப்பதே அதன் பொருள். இரு பக்கத்தையும் கேளாமல் தீர்ப்பளித்தல் நீதியாகாது. 1981 ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வெளியான இத்தெபான எதிர் ஹேமவதி என்னும் வழக்கில், நம் உயர் நீதிமன்றம் இதனை ஐயமறக் கூறியிருக்கிறது. அழைப்பாணை சேர்ப்பிக்கப்படாமை வழக்கின் வேரையே அறுக்கும் குறை. பிரதிவாதிமேல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் பிறப்பதே அச்சேர்ப்பினால்தான். அஃதின்றியும் வேறெவ்வகையில் அறிவிக்கப்படாமலும் ஒருவர்மேல் வழங்கப்பட்ட தீர்ப்பு வெறுமையானது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

எவ்வாறு சேர்ப்பிக்கவேண்டும்?

1889 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, பல திருத்தங்களோடு, இன்றும் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. அதன் 59 ஆம் பிரிவின்படி, அழைப்பாணை சாதாரணமாகப் பதிவுத் தபாலில் அனுப்பப்படும். தபாலிற் சேர்ப்பிக்க முடியவில்லையென்றாலும், சேர்ந்தும் பிரதிவாதி வரவில்லையென்றாலும், 60 ஆம் பிரிவின்படி நேரிற் சேர்ப்பிக்குமாறு நீதிமன்றம் கட்டளையிடும். பிஸ்கால் என்னும் நீதிமன்ற அலுவலர் மூலமோ, அப்பிரிவின் கிராம உத்தியோகத்தர் மூலமோ அது கொண்டுவரப்படும். தக்க முயற்சி செய்தும் ஆளைக் காண முடியாவிட்டால், அவர் வழக்கமாகக் குடியிருக்கும் வீட்டின் கண்ணிற்படும் இடத்தில் ஒட்டலாம். அவ்வாறு ஒட்டிவிட்டால், முறைப்படி சேர்ப்பிக்கப்பட்டதாகவே சட்டம் கொள்ளும்.

இச்சொற்களைச் சற்று நிதானமாகக் கவனிக்கவேண்டும். ‘தக்க முயற்சி’ முதலில் நடந்திருத்தல் வேண்டும். ஒட்டவேண்டிய இடம் ‘அவர் வழக்கமாகக் குடியிருக்கும் வீடு’. தோட்டத்து ஆபீசும், பெரட்டுக்களமும், கொழுந்து மடுவமும் தொழிலாளியின் வீடு ஆகா. முன்னொரு காலத்திற் குடியிருந்த லயத்தின் கதவும் ஆகாது.

ஆயினும் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பதிவுத் தபாலிற் சென்றதற்குத் தபாற்பகுதியின் சேர்ப்பு அறிவித்தலும், நேரிற் சேர்ப்பித்ததற்கு அவ்வலுவலரின் சத்தியக் கடதாசியும் 61 ஆம் பிரிவின்படி போதிய சான்றாகும். ‘மாறாக நிரூபிக்கப்படும்வரை’ அவை உண்மை என்றே கொள்ளப்படும். நீதிமன்றத்துக்கு அலுமாரியும் தெரியாது. பழைய லயமும் தெரியாது. அதன் முன்னே இருப்பது கையொப்பமிட்ட ஓர் அட்டையும், சத்தியஞ்செய்த ஒரு தாளும் மட்டுமே. அவை தவறு என்று காட்டும் பாரம் பிரதிவாதியின் தலைமேல் விழுகிறது.

தோட்டத்து வாழ்வின் தனித் துயரம் இங்கேதான் உள்ளது. நகரத்தான் ஒருவனுக்குத் தெருப்பெயர் உண்டு; கதவிலக்கம் உண்டு; தபால்காரர் வாசலிலே வந்து மணியடிப்பார். தோட்டத்திலோ பல குடும்பங்களுக்கு ஒரே முகவரி. தபால் எல்லாம் ஆபீசில் இறங்கி, அங்கிருந்து கங்காணி கையிலோ, பள்ளிக்கூடப் பிள்ளை கையிலோ பிரிந்து போகும். ஒரே பெயருடையோர் ஒரு பிரிவில் மூவர் இருப்பர். தபாலையே நம்பி எழுதப்பட்ட சட்டம், தபால் வாசலுக்கு வராத மக்கள்மேல் விழும்போது, அதன் நியாயம் தளர்ந்துபோகிறது. ஒவ்வொரு தோட்டத்து வீட்டுக்கும் தனி இலக்கமும் தனி முகவரியும் வேண்டும் என்ற கோரிக்கை வெறும் வசதிக்காக எழுந்தது அன்று என்பதை, அதிகாரத்தில் உள்ளோர் இதிலிருந்து உணரவேண்டும்.

பதினான்கு நாள்

இனி, அச்சகோதரியின் கடைசிக் கேள்விக்கு வருவோம். எல்லாம் முடிந்துவிடவில்லை. பிரதிவாதி வராததால் ஒருதலையாக வழங்கப்பட்ட தீர்ப்பாணையின் பிரதி ஒன்றை அவருக்குச் சேர்ப்பிக்கவேண்டும் என்று 85 ஆம் பிரிவு கூறுகிறது. அப்பிரதி சேர்ந்த நாளிலிருந்து 14 நாள்களுக்குள், வாதிக்கும் அறிவித்தல் கொடுத்து, அவர் அதே நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று 86 ஆம் பிரிவு இடந்தருகிறது. தாம் வராமைக்கு நியாயமான காரணம் இருந்தது என்று காட்டி நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தினால், செலவு முதலிய நிபந்தனைகளோடு அத்தீர்ப்பு நீக்கப்படும். எதிர்வாதம் செய்ய இடங்கிடைக்கும்.

சுவாமி படத்தின் பின்னே ஐந்து நாள்களைக் கழித்த அக்காகிதத்துக்கு இன்னும் ஒன்பது நாள்கள் உயிர் இருந்தன. பழைய லயத்தில் இன்று குடியிருப்பவர் ஒரு சத்தியக் கடதாசி கொடுக்கலாம். தந்தையார் எந்த ஆண்டிலிருந்து இப்போதைய வீட்டில் இருக்கிறார் என்பதற்கு வாக்காளர் இடாப்பும், கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சியும் உதவும். தபால் அட்டையிலுள்ள கையொப்பம் தம்முடையதன்று என்பதை அவரே சொல்லலாம். பதினைந்தாம் நாள் கண்டெடுத்திருந்தால், இதே உண்மைகளை வைத்துக்கொண்டு மிகக் கடினமான வேறு வழியிற் போகவேண்டியிருந்திருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் வழக்கிட்டால், முதலில் வருவது அழைப்பாணை அன்று. நிபந்தனையோடு கூடிய தீர்ப்பாணையே நேராக வரும். குறித்த நாளில் முன்னிலையாகி, நீதிமன்றத்தின் அனுமதி பெற்ற பின்னரே எதிர்வாதம் செய்யலாம். ஆகவே, கடன் சம்பந்தமான காகிதம் எதுவாயினும் அதை அன்றே சட்டமறிந்தவரிடம் காட்டுக.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரதிவாதியின் மொழி நீதிமன்றத்தின் மொழியாக இல்லாதபோது, வழக்குரையின் மொழிபெயர்ப்பையும் வாதி கொடுக்கவேண்டும் என்பது சட்டக்கோவையின் ஏற்பாடு. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையின்படி, வழக்கின் தரப்பினர் தமிழிலேயே பத்திரங்களைச் சமர்ப்பிக்கலாம். மொழிபெயர்ப்பும் உரைபெயர்ப்பும் பெறலாம். இவை கேட்டுப் பெறவேண்டிய உரிமைகள். கேளாதிருந்தால் எவரும் கொண்டுவந்து கையில் தரமாட்டார்.

ஆபீசின் கடமையும் துரையின் எல்லையும்

தோட்டம் தனியார் இடம் என்பதால், துரையின் அனுமதியின்றி நீதிமன்ற அலுவலர் உள்ளே வரலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அவர் தம் விருப்பத்துக்கு வருபவர் அல்லர். நீதிமன்றத்தின் கட்டளையைக் கையிற் கொண்டு வருபவர். ஆபீசில் அறிவித்துவிட்டுப் போவது மரியாதை. ஆனால், தொழிலாளிக்குரிய காகிதத்தை அவருக்குச் சேரவிடாமல் வேண்டுமென்றே தடுக்கும் உரிமை எந்தத் துரைக்கும் கிடையாது. அழைப்பாணைக்குத் தப்பி ஒளிவதும், அது சேர்வதை வேண்டுமென்று தடுப்பதும் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றங்களாம். ஒளிந்திருக்கும் தொழிலாளிக்கும், மறைத்துவைக்கும் அலுவலருக்கும் இவ்விதி பொது.

கிளாக்கர் ஐயாமாருக்கு ஒரு வேண்டுகோள். பிறருடைய பதிவுத் தபாலுக்கு நீங்கள் கையொப்பமிடும்போது, அவருடைய வழக்கின் காலக்கெடுவை உங்கள் பேனாவினால் தொடங்கிவைக்கிறீர்கள் என்பதை மறவாதீர்கள். வாங்கினால் அன்றே சேர்ப்பியுங்கள். முடியாதெனில் வாங்காது திருப்பி விடுங்கள்.

துரை தரும் கடிதமும் நீதிமன்றம் தரும் காகிதமும் ஒன்று என மயங்குவோரும் உளர். ‘லயத்தைவிட்டு வெளியேறு’ என்று தோட்டம் எழுதிக் கொடுத்தாலே மூட்டை கட்டவேண்டும் என்று நினைக்கிறார்கள். இதற்கு நம் முன்னோர் சீமைவரை சென்று ஒரு விடை வாங்கி வந்தனர். மலைநாட்டின் மேற்குச் சரிவிலுள்ள கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மயர் தோட்டத்தை, நம்மவர் உருளவள்ளி என்று வழங்கும் தோட்டத்தை, 1940களில் அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்காக எடுத்துக்கொண்டது. வெளியேறும்படி அறிவித்தல் பெற்ற தொழிலாளர் வெளியேற மறுத்தனர். அத்துமீறிப் புகுந்த குற்றம் அவர்கள்மேற் சாட்டப்பட்டது. அவ்வழக்கு செல்வநாயகம் எதிர் மன்னர் என்ற பெயரில் இலண்டன் கோமறைக் கழகம் வரையிற் சென்று, 1950 ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. தமக்கு உரிமையுண்டு என்று மெய்யாகவே நம்பி ஓரிடத்தில் இருப்பவர், அதனால் இடத்துக்குரியவருக்குத் தொல்லை விளையும் என்று அறிந்திருந்தமையால் மட்டும் குற்றவாளி ஆகார். தொல்லை கொடுப்பதே அவருடைய முதன்மையான நோக்கம் என்று நிரூபிக்கவேண்டும் என அக்கழகம் கூறிற்று. தொழிலாளியின் நோக்கமோ தம் ஒரே வீட்டில் இருப்பதுதான்! அதன் பின்னர், 1971 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் விசேட ஏற்பாடுகள் சட்டம், வேலை நின்ற தொழிலாளியையும் நீதிமன்றக் கட்டளை இன்றிக் குடியிருப்பிலிருந்து வெளியேற்ற இயலாது என்று காப்பளித்தது.

எனினும், தோட்டத்துக் கடிதம் எல்லாவற்றையும் அலட்சியம் செய்தலும் ஆபத்து. 1970களின் நிலச்சீர்திருத்தத்தால் பெருந்தோட்ட நிலங்கள் அரசுக்குரியவாயின. 1992 ஆம் ஆண்டு முதல் கம்பனிகள் அவற்றை நடத்துகின்றனவாயினும், நிலம் அரசினுடையதே. 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறுதல்) சட்டத்தின் கீழ், தகுதிவாய்ந்த அதிகாரி ‘வெளியேறும் அறிவித்தல்’ கொடுக்கலாம். அதனைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அல்லது காணியிற் கண்ணிற்படும் இடத்தில் ஒட்டிவிடலாம். குறைந்தது 30 நாள் தவணை உண்டு. அதன் பின் விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே, அரசின் செல்லுபடியாகும் அனுமதிப் பத்திரமோ எழுத்ததிகாரமோ உண்டா என்பதற்கு அப்பால் எதையும் வாதிக்க இடமில்லை.

நுவரெலியா மாவட்டத்தில் இராகலைப் பக்கத்து ஸ்டாஃபோர்டு தோட்ட வழக்கு இதற்குச் சான்று. அங்கே தோட்டத்துத் துரையே தகுதிவாய்ந்த அதிகாரியாக நின்று, அவ்வறிவித்தலை ஒருவருக்குக் கொடுத்தார். பெற்றவர் அதனை எதிர்த்துக் கண்டியிலுள்ள மாகாண மேல் நீதிமன்றத்தை நாடினார். அரச காணி மாகாணத்துக்குரிய விடயமன்று. ஆதலின் அந்நீதிமன்றத்துக்கு இதில் அதிகாரமில்லை என்று 2013 செப்டம்பர் 26 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அத்தகைய அறிவித்தலை எதிர்ப்பவர் கொழும்புக்குப் போகவேண்டும். அதற்குப் பணமும் நாளும் வேண்டும். முப்பது நாளில் ஒரு நாளைக்கூட வீணாக்கலாகாது என்பதே இதிற் கற்கும் பாடம்.

கம்பனிமேல் வழக்கிடுவோருக்கு

இதுவரை தொழிலாளிக்கு வரும் காகிதத்தைப் பேசினோம். தொழிலாளி வழக்கிட்டால் காகிதம் யாரிடம் போகவேண்டும்? கம்பனிக்குச் சட்டத்தில் ஆள் என்ற தகுதி உண்டு, கை இல்லை. ஆதலின் அதன் செயலாளர், பணிப்பாளர், அல்லது தலைமை வியாபாரத் தலத்துக்குப் பொறுப்பானவர் கையில் கொடுக்கலாம் என்கிறது 60 ஆம் பிரிவு. கம்பனிகள் சட்டத்தின்படி, பதிவு செய்யப்பட்ட அலுவலகத்தில் விட்டுச் செல்லவும் முடியும். பெருந்தோட்டக் கம்பனிகளின் தலைமையகம் பெரும்பாலும் கொழும்பில் இருக்கிறது. தோட்டத்துத் துரையிடம் கொடுத்ததோடு அமைந்துவிட்டால், ‘இது தலைமைத் தலமன்று’ என்ற ஆட்சேபம் பின்னர் எழலாம். பதிவு செய்த முகவரியை முதலிலேயே கேட்டறிந்து, வழக்குரையில் எழுதுவது நன்று. வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழில் நியாயசபைக்குப் போவோர், நீக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

கடைவீதியில் தனியொருவர் நடத்தும் கடையின் நிலை வேறு. கடைப் பெயர்ப் பலகைக்குச் சட்டத்தில் உயிரில்லை, முதலாளியே ஆள். கல்லாவில் நிற்கும் பையனிடம் நீட்டிவிட்டுப் போவது, முதலாளியின் கையிற் கொடுத்ததற்கு ஈடாகாது.

செய்யத் தக்கவை

காகிதம் வந்தால் வாங்குங்கள். வாங்குவது கடனை ஒப்புக்கொண்டதாகாது. மறுப்பது வழக்கை நிறுத்தாது. வாங்கிய நாளையும் நேரத்தையும், கொண்டுவந்தவர் யார் என்பதையும் அதன் மூலையில் எழுதுங்கள். அனுப்பியது நீதிமன்றமா, அரச அதிகாரியா, தோட்டமா என்று முதலிற் பாருங்கள். வாசிக்க அறியாதோர் படித்த பிள்ளையிடம் அன்று மாலையே காட்டுங்கள். கதவில் ஒட்டியிருப்பதைக் கிழித்தெறியாதீர்கள். அயலாருடைய காகிதம் உங்கள் கதவில் இருந்தால், உரியவரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்; 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அது, வசதியற்றோருக்கு இலவசமாக உதவுகிறது.

அச்சகோதரி பின்னர் தொலைபேசியில் என்னோடு பேசினார். விண்ணப்பம் பன்னிரண்டாம் நாள் நீதிமன்றத்திற் சேர்ந்துவிட்டது. விசாரணைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். தீர்ப்பு என்னவாகும் என்று இப்போது சொல்ல இயலாது. தந்தையார் கையொப்பமிட்ட பிணைக்கு அவர் விடை சொல்லியே ஆகவேண்டும். ஆனால் இம்முறை, அவர் வாயால் அவர் பக்கத்தைக் கேட்ட பின்னரே நீதிமன்றம் முடிவு சொல்லும். “அப்பா இப்போது எந்தக் காகிதம் வந்தாலும் என் தம்பியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுகிறார், மின்சாரப் பட்டியலைக்கூட விடுவதில்லை” என்று சொல்லிச் சிரித்தார்.

சுவாமி படத்தின் பின்னே ஏதேனும் காகிதம் செருகியிருக்கிறதா என்று, வாசகர்களே, நீங்களும் இன்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.